உப்புக் கணக்கு

(நமது சங்கத்தின் கொல்கத்தா உறுப்பினர் கூட்டத்தில், தேசிய மாதிரி ஆய்வில் கள அலுவலராக இருந்து ஓய்வு பெற்ற உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



போன கூட்டத்தில் நான் எழுந்து ஒரு ஆட்சேபம் சொன்னேன். "ஆட்சேபம் சொன்னவரே அடுத்த கூட்டத்தில் விளக்கமும் சொல்லட்டும்" என்று செயலாளர் தீர்ப்புக் கொடுத்துவிட்டார். ஆகவேதான் மேடைப் பேச்சுப் பழக்கமே இல்லாத நான் இன்று உங்கள் முன் நிற்கிறேன். 1974இல் கல்கத்தாவில் சாதாரணக் கள ஆய்வாளனாகச் சேர்ந்து, 2012 வரை வீடு வீடாகக் கதவைத் தட்டியதுதான் என் படிப்பு. ஓய்வு பெற்ற பிறகு தனியார் ஆய்வு நிறுவனங்களுக்கும் சில காலம் உதவி செய்தேன். அந்த அனுபவத்தில் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

விஷயம் இதுதான். தனியாக வசிக்கும் முதியவர்களின் நிலைமையைத் தெரிந்துகொள்ள, நம் காலாண்டிதழோடு ஒரு படிவம் வைத்து அனுப்பினோம். அனுப்பியவை அறுநூறு. திரும்பி வந்தவை நூறு. சுலபமாகப் புரிவதற்காகச் சில்லறையை விட்டுவிட்டு முழு எண்ணாகச் சொல்கிறேன். வந்த நூறில் தொண்ணூறு பேர் 'உதவி எதுவும் தேவையில்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்திருந்தார்கள். உடனே செயற்குழுவில் ஒரு தீர்மானம் வந்தது. பத்துக்கு ஒன்பது பேர் சௌக்கியமாக இருப்பதால், தொண்டர்கள் வாரம் ஒருமுறை முதியவர்களின் வீடுகளுக்குப் போய்வரும் திட்டத்தை நிறுத்திவிட்டு, அந்தத் தொகையை மண்டபப் புதுப்பிப்புக்கு ஒதுக்கலாம் என்பது தீர்மானம்.

நான் மண்டபத்துக்கு விரோதி அல்ல. மழை பெய்தால் இந்த மேடைக்குப் பின்னால் ஒழுகுவது எனக்கும் தெரியும். ஆனால் அதைவிடப் பெரிய ஒழுக்கு அந்தக் கணக்கில் இருக்கிறது என்பதுதான் என் ஆட்சேபம்.

முதலில் ஒரு பழைய கதை சொல்கிறேன். கதை என்றேனே தவிர, நடந்த சம்பவம். புள்ளியியல் மேதை சி. ஆர். ராவ் அவர்களை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1941இல் இதே ஊரில் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் சேர்ந்து, பின்னால் உலகப் புகழ் பெற்று, 2023இல் நூற்றிரண்டு வயதில் காலமானவர். 'ஸ்டாடிஸ்டிக்ஸ் அண்டு ட்ரூத்' என்ற நூலில் அவர் இதைச் சொல்லியிருக்கிறார்.

1947, தேசப் பிரிவினைக் கலவர சமயம். டில்லியில் பயந்து ஓடிவந்த சிறுபான்மை மக்கள் செங்கோட்டைக்குள் தஞ்சம் புகுந்திருந்தார்கள். இன்னும் கொஞ்சம் பேர் ஹுமாயூன் சமாதியில். இவர்களுக்குச் சாப்பாடு போடும் பொறுப்பு சர்க்காருடையது. சர்க்கார் அதைக் காண்டிராக்டர்களிடம் விட்டது. உள்ளே எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே காண்டிராக்டர் என்ன பில் கொடுக்கிறாரோ அதுதான் கணக்கு. பில்லோ ஏறிக்கொண்டே போகிறது. உள்ளே போய்த் தலையை எண்ணும் நிலைமையும் இல்லை. புள்ளியியல் நிபுணர்களைக் கூப்பிட்டு, "எத்தனை பேர் என்று சொல்லுங்கள்" என்றார்கள்.

இந்தியப் புள்ளியியல் கழகத்தைச் சேர்ந்த ஜே. எம். சென்குப்தா என்பவர் ஒரு வழி சொன்னார். காண்டிராக்டர்களின் பில்லிலேயே அரிசி, பருப்பு, உப்பு மூன்றும் இருக்கின்றன. ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு பருப்பு, எவ்வளவு உப்புச் செலவாகும் என்பது குடும்பச் செலவு ஆய்வுகளிலிருந்து ஏற்கெனவே தெரியும். வகுத்துப் பார்த்தால் ஆள் கணக்கு வந்துவிடும். வகுத்தார்கள். மூன்றுக்கும் மூன்று விடை! அரிசிக் கணக்குப்படி ஜனம் மிக அதிகம், உப்புக் கணக்குப்படி மிகக் குறைவு. உப்புதான் நிஜம் என்றார்கள். ஏன்? அரிசி விலை அதிகம், கூட்டி எழுதினால் லாபம் உண்டு. உப்பின் விலை அற்பம். அதைக் கூட்டி எழுதி யாருக்கு என்ன கிடைக்கப் போகிறது? ஹுமாயூன் சமாதியில் இருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான் என்பதால், அங்கே இந்த முறையைச் சரிபார்க்கவும் முடிந்தது. சரியாகவே இருந்தது.

என் உத்தியோக காலம் முழுவதும் நான் இந்த உப்பை மறக்கவில்லை. ஒரு குறிப்பிட்ட கூட்டத்தை, அது அகதிகளாக இருக்கட்டும், நெசவாளர்களாக இருக்கட்டும், நம் வீட்டுப் பெரியவர்களாக இருக்கட்டும், அவர்களைப் பற்றி நிஜம் தெரியவேண்டுமானால், யாருக்கும் கூட்டவோ குறைக்கவோ மறைக்கவோ தோன்றாத ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்து அதைக் கேட்க வேண்டும். அதற்கு மறுபடி வருகிறேன்.

இப்போது நம் படிவத்துக்கு வருவோம். அதில் எனக்கு மூன்று சந்தேகங்கள்.

முதல் சந்தேகம்: பதில் போடாத ஐந்நூறு பேர். "நூறு பேர் பதில் போதாதா?" என்று பொருளாளர் கேட்டார். நூறு போதும், சரியான நூறாக இருந்தால். தவறான நூறாக இருந்தால் லட்சங்கூடப் போதாது. 1936இல் அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தல். 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற பெரிய பத்திரிகை சுமார் ஒரு கோடி வாக்குச் சீட்டுகளைத் தபாலில் அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. ஆல்ஃப்ரெட் லாண்டன்தான் ஜெயிப்பார் என்று பத்திரிகை அறிவித்தது. நடந்தது என்ன? ரூஸ்வெல்ட் அன்றிருந்த 48 மாநிலங்களில் 46இல் வெற்றி பெற்றார். பத்திரிகை பெயர் எடுத்த முகவரிகள் பெரும்பாலும் டெலிபோன் புத்தகத்திலிருந்தும் கார் வைத்திருப்பவர்கள் பட்டியலிலிருந்தும் வந்தவை. பொருளாதாரம் விழுந்து கிடந்த அந்தக் காலத்தில் டெலிபோனும் காரும் யாரிடம் இருக்கும்? அதோடு, சீட்டுப் பெற்றவர்களில் நாலில் மூன்று பங்கு பேர் பதிலே போடவில்லை. அதே தேர்தலில் ஜார்ஜ் காலப் என்பவர் மிகச் சிறிய மாதிரியை வைத்துக்கொண்டு, ஜெயிப்பவர் ரூஸ்வெல்ட் என்று சரியாகச் சொன்னார்.

நம் ஊர்க் கதையும் இதுதான். படிவத்தை யார் நிரப்புவார்? கண் நன்றாகத் தெரிகிறவர், கை நடுங்காதவர், தபால் பெட்டி வரை நடக்க முடிகிறவர், அல்லது போட்டுவிட்டு வர ஒரு பேரன் பக்கத்தில் இருக்கிறவர். அப்படிப்பட்டவருக்கு உதவி தேவையில்லை என்பது படிவம் அனுப்பாமலே நமக்குத் தெரியும்!

போன கூட்டத்துக்கும் இந்தக் கூட்டத்துக்கும் நடுவில், பதில் வராத வீடுகள் சிலவற்றுக்கு நான் போய்வந்தேன். ஒரு மாமா வீட்டில் நம் படிவம் பிரிக்கப்படாமல் காலண்டருக்கு அடியில் இருந்தது. "யாராவது வந்தா படிச்சுக் காட்டச் சொல்லலாம்னு வெச்சிருக்கேன். எழுத்து பொடியா இருக்கு" என்றார். இரண்டு கண்ணிலும் புரை. அவரைப் பொறுத்தவரை அவர் நமக்குப் பதில் போடாமல் இல்லை. யாராவது வரட்டும் என்று காத்திருக்கிறார். நாமோ அவரைக் கணக்கில் விட்டுவிட்டு, 'பத்துக்கு ஒன்பது' என்று தீர்மானம் எழுதிவிட்டோம்.

இரண்டாவது சந்தேகம்: நாம் படிவம் அனுப்பிய பட்டியல். அதற்கும் முன்னால், 'தனியாக வசிக்கும் முதியவர்' என்றால் யார் என்று எங்கேயாவது எழுதியிருக்கிறோமா? வயது அறுபதா, எழுபதா? கணவனும் மனைவியுமாக இருவரும் எண்பது வயதில் இருந்தால் அது தனிமையா, இல்லையா? பிள்ளை மாடி வீட்டில் இருக்கிறான், ஆனால் மாதத்தில் இருபது நாள் டூரில் இருக்கிறான் என்றால்?

இது வெறும் வார்த்தை விளையாட்டு அல்ல. எங்கள் ஆய்விலேயே ஒரு உதாரணம் உண்டு. விவசாயிகளின் நிலைமையை மட்டும் தனியாக ஆராய 2003இல் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அப்போது விவசாயி என்றால் கொஞ்சமாவது நிலம் வைத்துச் சாகுபடி செய்ய வேண்டும் என்று இலக்கணம். அடுத்து 2013இல் அதே ஆய்வு. இந்தத் தடவை நிலம் கட்டாயம் இல்லை. வருஷத்தில் 3000 ரூபாய்க்கு மேல் விளைபொருள் இருக்க வேண்டும், குடும்பத்தில் ஒருவராவது விவசாய வேலையில் இருக்க வேண்டும் என்று மாற்றினார்கள். மாடு வளர்ப்பவரும் கோழி வளர்ப்பவரும் உள்ளே வந்தார்கள். 2019இல் அந்த 3000 என்பது 4000 ஆயிற்று. இலக்கணத்தை மாற்றினால் ஆட்களே மாறிவிடுவார்கள். பிறகு இரண்டு ஆய்வுகளின் எண்களை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கூடியது குறைந்தது என்று பேசக்கூடாது.

யார் என்று தீர்மானித்த பிறகு, அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்ற கேள்வி. இதில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒவ்வொரு வழி. கைத்தறி நெசவாளர் என்றால் தறி வீட்டிலேயே இருக்கும், இடம் பெயராது. அதனால் வீடு வீடாகப் போய் முழுவதையும் எண்ணிவிடலாம். 2019-20இல் நடந்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பில் சுமார் 31 லட்சம் குடும்பங்களையும் 35 லட்சம் தொழிலாளர்களையும் அப்படித்தான் எண்ணினார்கள். லாரி ஓட்டுநரை வீட்டில் போய்த் தேடினால் கிடைப்பாரா? லாரிகள் சரக்கு மாற்றும் இடத்திலும் சாலையோர தாபாவிலும்தான் பிடிக்க வேண்டும். அதுவும் எந்த இடம், எந்தக் கிழமை, எந்த நேரம் என்று முன்கூட்டியே சீட்டுக் குலுக்கித் தீர்மானித்துவிட்டுப் போக வேண்டும். டாக்டர்களுக்குப் பதிவேடு இருக்கிறதே என்பீர்கள். தனியார் நிறுவனம் ஒன்றுக்காக அந்தப் பதிவேட்டை வைத்துக்கொண்டு நான் அலைந்திருக்கிறேன். காலமானவர் பெயரும் அமெரிக்கா போனவர் பெயரும் அதில் அப்படியே இருக்கும். வீட்டு வேலை செய்கிறவர்களுக்கோ எந்தப் பட்டியலும் கிடையாது. நம் தேசத்தில் அவர்களுக்கென்றே ஒரு அகில இந்திய ஆய்வைத் தொழிலாளர் செயலகம் தொடங்கியதே 2021இல்தான்.

நம் சங்கம் அடுத்ததாக வாத்தியார்களையும், கல்யாணச் சமையல் செய்யும் பரிசாரகர்களையும் பற்றி ஆய்வு செய்ய உத்தேசித்திருப்பதாகக் கேள்வி. ரொம்ப சந்தோஷம். ஆனால் அவர்களுக்கும் பட்டியல் இல்லை. அமாவாசைக்கு நாலு வீடு ஓடும் வாத்தியாரை மண்டபத்துக்கு வரச்சொல்லி எண்ண முடியாது. இதற்கு ஒரு முறை இருக்கிறது. டக்ளஸ் ஹெக்கத்தார்ன் என்ற அமெரிக்க சமூகவியல் பேராசிரியர் 1997இல் எழுதியது. முதலில் நாலைந்து வாத்தியார்களைக் கண்டு பேசுங்கள். ஒவ்வொருவரிடமும் மூன்றே மூன்று சீட்டுக் கொடுத்து, "உங்களுக்குத் தெரிந்த மூன்று வாத்தியார்களிடம் கொடுங்கள்" என்று சொல்லுங்கள். அவர்கள் ஒவ்வொருவரும் இன்னும் மூன்று பேருக்கு. யார் யாருக்குச் சீட்டுக் கொடுத்தார், ஒவ்வொருவருக்கும் எத்தனை வாத்தியார்களைத் தெரியும் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். பத்துப் பேரைத் தெரிந்தவர் கையில் சீட்டு வந்து சேர்வது சுலபம், யாரையும் தெரியாதவருக்கு வந்து சேர்வது கஷ்டம். அந்த வித்தியாசத்தைக் கணக்கில் பிற்பாடு சரிசெய்துகொள்ளலாம். மூன்று சீட்டு என்ற வரம்பு ஏன் என்றால், இல்லாவிட்டால் ஒரு பெரிய வாத்தியாரின் சிஷ்யர்களே ஆய்வு முழுவதையும் நிரப்பிவிடுவார்கள்!

முதியவர்களுக்கு வருவோம். நாம் படிவம் அனுப்பியது உறுப்பினர் பட்டியலுக்கு. லேக் மார்க்கெட், ராஷ்பிஹாரி அவென்யூ முகவரிகள் அதில் ஏராளம். அந்தக் குடும்பங்களில் எத்தனை பேர் வாடகை கட்டுப்படியாகாமல் கரியாவுக்கும் பெஹாலாவுக்கும் போய்விட்டார்கள்! சந்தா கட்டுவதை நிறுத்தியவர்களின் பெயரையும் நாமே நீக்கிவிட்டோம். யோசித்துப் பாருங்கள். சந்தா கட்ட முடியாதவர் பெயர் இல்லாத பட்டியலை வைத்துக்கொண்டு, கஷ்டப்படுகிறவர்கள் எத்தனை பேர் என்று தேடுகிறோம்.

மூன்றாவது சந்தேகம்தான் முக்கியமானது. நாம் கேட்ட கேள்வி. 'உங்களுக்கு ஏதேனும் உதவி தேவையா?' நம் வீட்டுப் பெரியவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும். "பகவான் புண்ணியத்துல ஒரு குறையும் இல்லை." ஆயுசு முழுக்க யாரிடமும் கை நீட்டாதவர்கள், ஒரு சங்கம் அச்சடித்து அனுப்பிய காகிதத்தில் 'ஆம், தேவை' என்று டிக் அடிப்பார்களா? பிள்ளைக்கு அவமானம் என்று நினைக்க மாட்டார்களா? போதாக்குறைக்குப் படிவத்தின் முதல் கேள்வியே கோத்திரம், இரண்டாவது பிள்ளைகளின் சம்பளம். வரன் விசாரிக்கிறார்கள் என்று ஒருவர் நினைத்தாராம்!

கேட்கிற விதத்தில் கேட்டால் ஜனங்கள் மனசைத் திறப்பார்கள். 2003 விவசாயிகள் ஆய்வில், "விவசாயத்தில் கஷ்டமா?" என்று கேட்கவில்லை. விவசாயம் பிடித்திருக்கிறதா, வேறு தொழிலுக்குப் போக வாய்ப்பு வந்தால் போவீர்களா என்பதுபோலக் கேட்டார்கள். சுமார் நூற்றுக்கு நாற்பது பேர், வாய்ப்பு இருந்தால் போய்விடுவோம் என்றார்கள். அந்த ஒரு எண் தேசம் முழுவதும் பேசப்பட்டது. யாரையும் தலைகுனிய வைக்காத கேள்வி அது.

இங்கேதான் உப்பு வருகிறது. நான் போன வீடுகளில் ஒன்று, படிவத்தைச் சரியாக நிரப்பி, 'உதவி தேவையில்லை' என்று டிக் அடித்து அனுப்பிய ஒரு மாமியின் வீடு. அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன். வீடு கண்ணாடி மாதிரி சுத்தம். வாசலில் கோலம். "வாப்பா, உக்காரு. சௌக்கியமா இருக்கேன், ஒரு குறையும் இல்லை" என்றார். நானும் வெறுமனே பேசிக்கொண்டிருந்தேன். குடும்பச் செலவு ஆய்வில் விறகு, மண்ணெண்ணெய், காஸ் எல்லாம் கேட்டுக் கேட்டுப் பழகிய வாய். "மாமி, சிலிண்டர் எத்தனை மாசம் வரது?" என்று கேட்டேன்.

கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்: "நான் சிக்கனம். போன சிலிண்டர் எட்டு மாசம் வந்துது."

நான் ஒன்றும் சொல்லவில்லை. மாமிகளுக்குக் கணக்குச் சொல்ல வேண்டாம். ஒருத்தருக்குத்தான் என்றாலும், இரண்டு வேளை சமையலும் காபியும் என்றால் ஒரு சிலிண்டர் எட்டு மாதம் வராது. கொஞ்ச நேரம் கழித்து, "நேத்து மத்தியானம் என்ன தளிகை?" என்றேன்.

"ஒருத்திக்கு என்னத்துக்குத் தளிகை? குக்கரைத் தூக்கினா கை நடுங்கறது. பொரியும் மோரும் இருக்கே, போறாதா?"

ராத்திரிக்கு ரொட்டியும் பாலும். எத்தனை நாளாக என்று கேட்டதற்கு, போன பூஜா சமயத்திலிருந்து என்றார். பிள்ளைக்குத் தெரியுமா என்றேன். "அவன் அங்கே தூரத்துல இருக்கான். சொன்னா கவலைப்படுவான். நீயும் சொல்லாதே" என்றார்.

நம் கணக்கில் இந்த மாமி அந்தத் தொண்ணூறு பேரில் ஒருவர். அவர் பொய் சொல்லவில்லை. நாம் அரிசியைக் கேட்டோம், அவர் அரிசிக் கணக்குக் கொடுத்தார். உப்பைக் கேட்டபோது நிஜம் வந்தது.

இதைச் சொல்லும்போதே, அந்த மாமி யார் என்று இந்த அரங்கில் சிலர் யோசிக்க ஆரம்பித்துவிட்டீர்கள் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. தயவுசெய்து வேண்டாம். சின்னக் கூட்டத்தை ஆராய்வதில் இதுதான் பெரிய ஆபத்து. பெயரை அடித்துவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். 'ஓய்வு பெற்ற டீச்சர், மூன்றாவது மாடி, மார்க்கெட் பக்கம்' என்று அறிக்கையில் எழுதினால் போதும், சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். 1948ஆம் வருஷத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டம், கணக்கெடுப்பில் சொன்ன விவரத்தைக் கோர்ட்டில்கூடச் சாட்சியமாகக் கொண்டுவர முடியாதபடி பாதுகாக்கிறது. சர்க்கார் கொடுக்கிற அந்தக் கௌரவத்தை நாம் நம் மாமிகளுக்குக் கொடுக்க வேண்டாமா? நிரப்பிய படிவங்கள் இரண்டு பேர் கையைத் தாண்டக்கூடாது. அறிக்கையில் மொத்த எண்கள் மட்டுமே வர வேண்டும். ஒருவருக்கு உதவி தேவை என்றால், அவர் சம்மதித்த பிறகு, தனியாக, ஓசையில்லாமல் செய்ய வேண்டும்.

சரி, குறை சொல்லிவிட்டாய், வழி என்ன என்று கேட்பீர்கள். வழி பழையதுதான். மாரிஸ் ஹான்சன், வில்லியம் ஹர்விட்ஸ் என்ற இருவர் 1946இல் எழுதினார்கள். தபாலில் படிவம் அனுப்பு. வந்ததை வைத்துக்கொள். வராதவர்களில் ஒரு பங்கு பேரைக் குலுக்கித் தேர்ந்தெடுத்து, அவர்கள் வீட்டுக்கு நேரில் போ. எல்லோரிடமும் போக வேண்டியதில்லை.

நம் கணக்கிலேயே பார்ப்போம். பதில் வராத ஐந்நூறில் பத்துக்கு ஒன்று வீதம் ஐம்பது வீடு. ஒரு பேச்சுக்கு, அந்த ஐம்பதில் இருபது வீட்டில் உதவி தேவை என்று தெரியவருவதாக வைத்துக்கொள்வோம். நேரில் பார்த்த ஒவ்வொரு வீடும் பத்து வீட்டுக்குப் பிரதிநிதி. ஆகவே ஐந்நூறில் இருநூறு. பதில் போட்டவர்களில் பத்து. மொத்தம் அறுநூறில் இருநூற்றுப் பத்து. அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். 'பத்தில் ஒன்று' எங்கே, இது எங்கே! இருபது என்பது நான் உதாரணத்துக்குச் சொன்னது. நிஜத்தில் இரண்டாகவும் இருக்கலாம். அப்படியானால் தீர்மானத்துக்கு முதலில் கை தூக்குகிறவன் நான்தான். ஆனால் போய்ப் பார்க்காமல் கை தூக்க மாட்டேன்.

ஐம்பது வீட்டையும் குலுக்கித்தான் எடுக்க வேண்டும். லிஃப்ட் இருக்கிற வீடு, நல்ல காபி கிடைக்கிற வீடு என்று தேர்ந்தெடுக்கக்கூடாது. பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் கேட்டு எழுதாமல், மறுபடி போக வேண்டும். தொண்டர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஆளுக்கு இருபத்தைந்து வீடு, தனித்தனிக் குலுக்கல். ஒரு குழுவின் விடை மற்றதற்கு முடிவு வரை தெரியக்கூடாது. இரண்டு விடையும் ஏறக்குறைய ஒத்துப்போனால் நம்பலாம். வெகுதூரம் விலகினால் எங்கேயோ கோளாறு என்று தேடலாம். இதுவும் நம் ஊர்ச் சரக்கு. பேராசிரியர் மஹலநோபிஸ் வங்காளத்தில் சணல் சாகுபடியைக் கணக்கிட்ட காலத்திலேயே கையாண்ட முறை. 1950இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வுக்கும் அதுவே கைமுதல் ஆயிற்று.

இதையெல்லாம் ஒரு ஆய்வு நிறுவனத்திடம் விட்டுவிடலாமே என்று சில இளைஞர்கள் சொன்னார்கள். வாத்தியார்கள், பரிசாரகர்கள் ஆய்வுக்கு அது தேவைப்படலாம். தடை இல்லை. ஆனால் விலையைக் கேட்பதற்கு முன்னால் நாலு கேள்வி கேளுங்கள். எந்தப் பட்டியலிலிருந்து ஆட்களை எடுப்பீர்கள்? அகப்படாதவர்களை எத்தனை தடவை தேடிப் போவீர்கள்? கேள்விகளை முதலில் பத்துப் பேரிடம் சோதித்துப் பார்ப்பீர்களா? ஆய்வாளர் நிஜமாகவே வீட்டுக்குப் போனாரா என்று மேற்பார்வையாளர் எத்தனை வீடுகளில் திரும்பப் போய்ப் பார்ப்பார்? நாலுக்கும் நேராகப் பதில் சொல்கிறவரிடம் காரியத்தைக் கொடுங்கள். 'ஆயிரம் பேரைக் கேட்டுத் தருகிறோம்' என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறவருக்கு ஒரு நமஸ்காரம் போட்டு அனுப்பிவிடுங்கள்.

முதியவர்கள் விஷயத்துக்கு நிறுவனம் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பத்துத் தொண்டர்கள், ஆளுக்கு ஐந்து வீடு, நாலு ஞாயிற்றுக்கிழமை. கேள்விகள் எட்டுக்கு மேல் வேண்டாம். கோத்திரமும் சம்பளமும் வேண்டவே வேண்டாம். நேற்று மத்தியானம் என்ன சாப்பிட்டீர்கள், யார் சமைத்தார்கள்? கடைசியாக எப்போது மாடிப்படி இறங்கினீர்கள்? மருந்துக் கடைக்கு யார் போகிறார்கள்? ராத்திரி உடம்பு படுத்தினால் முதலில் யாரைக் கூப்பிடுவீர்கள்? சிலிண்டர் எத்தனை மாதம் வருகிறது? இவ்வளவுதான். ஒன்றிலும் 'உதவி' என்ற சொல் கிடையாது.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. அந்தத் தீர்மானத்தை ஒரு காலாண்டு ஒத்திவையுங்கள். மண்டபத்துக் கூரை இன்னும் மூன்று மாதம் ஒழுகினால் ஒரு வாளி வைத்துக்கொள்ளலாம். காலண்டருக்கு அடியில் படிவத்தை வைத்துக்கொண்டு, யாராவது வருவார்கள் என்று காத்திருக்கிற மாமா வீட்டுக்கு இந்த வாரமே ஒருவர் போக வேண்டும்.



(தீர்மானம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. வீடுகளுக்குப் போய்வர விரும்பும் உறுப்பினர்கள் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். வங்காளி பேசத் தெரிந்திருந்தால் நல்லது. மாடி ஏறத் தெம்பு அவசியம். – ஆசிரியர்)